ராத்திரி நின்ற வண்டி காலையில் அடம்பிடித்தால்: 23 நாளும் ஒரு பம்ப்பும் தண்டமான கதை

செல்ஃப் நன்றாகத்தான் சுற்றுகிறது. இன்ஜின்தான் பிடிக்க மாட்டேன் என்கிறது. ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே போனால் ஏழாவது நொடியில் ஒரு இருமல், ஒரு உதறல், அப்புறம் வேண்டாவெறுப்பாக ஓட ஆரம்பிக்கும். அரை நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிடும். அன்று முழுக்க எத்தனை தடவை நிறுத்தி எடுத்தாலும் சாவியைத் தொட்டவுடன் ஸ்டார்ட். மறுநாள் காலை மறுபடியும் அதே ஏழு நொடி. நான்கு சிலிண்டர் பெட்ரோல் கார், காற்று உள்ளே போகும் குழாயில் (இன்டேக் மேனிஃபோல்டு) பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் வைத்த சாதாரண எம்.பி.எஃப்.ஐ. வகை. இதன் காரணத்தைப் பிடிக்க 23 நாள் ஆயிற்று. நடுவில் ஒரு பேட்டரி, நான்கு ஸ்பார்க் பிளக், டேங்க்குக்குள் இருக்கும் ஃப்யூயல் பம்ப் அசெம்ப்ளி முழுசாக ஒன்று என எல்லாம் மாறின. கோளாறு இவற்றில் எதிலும் இல்லை. அந்த எரிச்சல் இன்னும் போகவில்லை. இதே தொல்லையில் இருப்பவருக்கு பம்ப் காசாவது மிஞ்சட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

இந்தக் கோளாறின் உண்மையான கஷ்டம் எதில் இருக்கிறது என்று புரியவே பத்து நாள் போனது. ஒரு நாளைக்கு ஒரே ஒரு தடவைதான் அது முகத்தைக் காட்டும். காலையில் முதல் ஸ்டார்ட் ஆகிவிட்டால் அன்றைய சாட்சி அழிந்துபோனது போல. பட்டறைக்கு ஓட்டிக்கொண்டு போனால் இன்ஜின் சூடாக இருக்கும், இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோலைப் பிரித்துக் கொடுக்கும் குழாயில், அதாவது ரெயிலில், பிரஷர் முழுசாக இருக்கும், மெக்கானிக் சாவியைத் திருப்பினால் அரை நொடியில் ஸ்டார்ட் ஆகும். “வண்டி நல்லாத்தானே சார் இருக்கு?” என்பார். அவர் சொல்வது பொய்யில்லை. அந்த நேரத்தில் வண்டி நல்லாத்தான் இருக்கிறது. ஆகவே ஒவ்வொரு காலையிலும் சாவியைத் திருப்பும் முன், இன்று எந்த ஒரு சோதனை என்று முதல் நாள் இரவே முடிவு செய்து வைக்க வேண்டும். ஒரே காலையில் இரண்டைச் செய்தால் எது எதனால் என்று குழம்பும். ஒரு நோட்டில் எத்தனை மணி நேரம் நின்றது, எத்தனை நொடி செல்ஃப் அடித்தோம், பிடித்தபோது பெட்ரோல் வாடை வந்ததா, புகை வந்ததா, என்ன நிறம், வண்டி மேடு பார்த்து நின்றதா பள்ளம் பார்த்து நின்றதா, இவ்வளவும் எழுதினால் போதும். செல்போனில் வீடியோ எடுத்து வைப்பது இன்னும் நல்லது. பட்டறையில் நாம் வாயால் சொல்வதைவிட அந்தச் சத்தம் நிறையச் சொல்லும்.

முதலில் காதால் கேட்க வேண்டியது செல்ஃப் சுற்றும் வேகத்தை. “ஸ்டார்ட் ஆகலை” என்ற ஒரே வார்த்தைக்குள் மூன்று வேறு வேறு நோய்கள் இருக்கின்றன. சாவி திருப்பினால் ‘டிக்’ என்று ஒரு சத்தம் மட்டும் வந்தாலோ, படபடவென்று ரிலே அடித்துக்கொண்டாலோ, செல்ஃப் இழுத்து இழுத்துச் சோம்பலாகச் சுற்றினாலோ அது மின்சாரப் பக்கம்: பேட்டரி, டெர்மினல், எர்த் கேபிள், ஸ்டார்ட்டர். செல்ஃப் வழக்கமான வேகத்தில் சுற்றியும் இன்ஜின் பிடிக்காவிட்டால் அது பெட்ரோல், தீப்பொறி, காற்று, சென்சார் பக்கம். பிடித்த பிறகு உடனே அணைந்துபோனால் அது வேறு வகை. இம்மொபிலைசர் (சாவியை அடையாளம் காணும் திருட்டுத் தடுப்பு), ஐடில் (ஆக்சிலேட்டரை மிதிக்காத ஓட்டம்) காற்றுவழி, த்ராட்டில் பாடி (காற்றைத் திறந்து மூடும் பாகம்) என்று தேட வேண்டும். எங்கள் வண்டி இரண்டாவது வகை என்பது முதல் நாளே காதில் விழுந்தது. இருந்தும், “காலைல பிரச்சனைன்னா பேட்டரிதான்” என்று நாலு பேர் சொன்னதும் பேட்டரியை மாற்றியாயிற்று. அளந்துகூடப் பார்க்கவில்லை. மறுநாள் காலையும் அதே ஏழு நொடி.

பழைய பேட்டரியை மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தது அதற்கப்புறம்தான். எந்த லோடும் இல்லாமல் ராத்திரி முழுக்க இருந்த 12 வோல்ட் பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ், 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கிட்டத்தட்டக் காலி. பழையது 12.5 காட்டியது! ஆனால் இந்த அளவை மட்டும் நம்பக் கூடாது. செல்ஃப் அடிக்கும்போது எவ்வளவு இறங்குகிறது என்று பார்ப்பதே சரியான பரீட்சை. மீட்டரைப் பேட்டரிக் கம்பத்திலேயே வைத்து, இன்னொருவரைச் சாவி திருப்பச் சொல்ல வேண்டும். 9.6 வோல்ட்டுக்கு மேல் நின்றால் சாதாரணத் தட்பவெப்பத்தில் குறை சொல்ல முடியாது. கடுங்குளிரில் இன்னும் கொஞ்சம் இறங்கும். பேட்டரி நல்லதாக இருந்தும் செல்ஃப் சோம்பினால் கேபிளைப் பார்க்க வேண்டும். செல்ஃப் அடிக்கும் நேரத்தில் பேட்டரி நெகட்டிவ் கம்பத்துக்கும் இன்ஜின் பிளாக்கின் வெறும் உலோகத்துக்கும் நடுவே 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கேபிளில் துரு. பாசிட்டிவ் கம்பத்திலிருந்து ஸ்டார்ட்டர் போல்ட் வரை 0.5 வோல்ட்டுக்கு மேல் போகக் கூடாது. ராத்திரியில் பேட்டரி இறங்குகிறது என்ற சந்தேகம் இருந்தால், வண்டியைப் பூட்டி அரை மணி நேரமாவது விட்டு, கம்ப்யூட்டர்கள் எல்லாம் தூங்கிய பிறகு கசிவு மின்னோட்டத்தை அளக்க வேண்டும். 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் கவலை வேண்டாம். 300 மில்லி ஆம்பியர் என்றால்கூட பத்து மணி நேரத்தில் 3 ஆம்பியர்-ஹவர்தான் குறையும். 45 ஆம்பியர்-ஹவர் பேட்டரிக்கு ஒரு ராத்திரியில் அது பெரிய அடி இல்லை. ஒரே ராத்திரியில் நல்ல பேட்டரி படுத்தது என்றால் எங்கோ ஒரு விளக்கோ ரிலேவோ அணையாமல் இருக்கிறது என்று அர்த்தம்.

அடுத்து பிளக். மாற்றியது ஒரு மதிய வேளையில், இருபது கிலோமீட்டர் ஓட்டிவந்த பிறகு. கழற்றிய நான்கும் இளம் பழுப்பாக, காய்ந்து, அழகாக இருந்தன. “பிளக்ல ஒண்ணும் தப்பில்லை, வந்தது வந்தாச்சு, புதுசே போட்டுடலாம்” என்று புதுசு போட்டாயிற்று. இதில் நடந்த அபத்தம் கடைசியில்தான் உறைத்தது. காலையில் ஒரு பிளக் ஈரமாக இருந்திருந்தாலும் இருபது கிலோமீட்டர் ஓட்டத்தில் அது எரிந்து சுத்தமாகிவிடும். சாட்சியை நாமே துடைத்துவிட்டு, கறையே இல்லை என்று சொன்ன கதை. காலைக் கோளாறுக்குப் பிளக்கைப் பார்ப்பதாக இருந்தால் காலையில்தான் கழற்ற வேண்டும். அலுமினிய ஹெட்டுக்கும் அதுதான் நல்லது. சூடாக இருக்கும்போது கழற்றினால் மரை உரியலாம்.

வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனர் போட்டுப் பார்த்ததில் ஒரு எரர் கோடும் இல்லை. இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை என்பது அப்போது தெரியவில்லை. இந்த வகை வண்டிகள் பலவற்றில் ரெயிலில் பிரஷர் சென்சாரே கிடையாது. இல்லாத சென்சாரை வைத்துக் கம்ப்யூட்டர் எப்படிப் புகார் செய்யும்? ஆனால் கோடு இல்லை என்று ஸ்கேனரை மூடி வைத்துவிடாமல் லைவ் டேட்டாவில் இரண்டு விஷயம் பார்க்கலாம். ஒன்று, ராத்திரி நின்ற வண்டியில் ஸ்டார்ட் செய்யும் முன் கூலண்ட் வெப்பமும் உள்ளே வரும் காற்றின் வெப்பமும். இரண்டும் ஊற வைத்ததுபோல ஒரே அளவில், 3 முதல் 5 டிகிரி வித்தியாசத்துக்குள் இருக்க வேண்டும். வெளியே 22 டிகிரி இருக்கும்போது கூலண்ட் 70 என்று காட்டினால், கம்ப்யூட்டர் இன்ஜின் சூடாக இருப்பதாக நம்பி பெட்ரோலைக் குறைத்துத்தான் தெளிக்கும், வண்டி பிடிக்காது. சென்சாரைக் கழற்றி ஓம்ஸ் அளந்தாலும் தெரியும். பரவலாக இருக்கும் வகையில் 20 டிகிரியில் சுமார் 2,500 ஓம்ஸ், 80 டிகிரியில் சுமார் 300 ஓம்ஸ் வரும். எங்கள் வண்டியில் இரண்டு டிகிரிதான் வித்தியாசம், சென்சார் தப்பித்தது. இரண்டாவது, லாங் டெர்ம் ஃப்யூயல் டிரிம், அதாவது கம்ப்யூட்டர் பெட்ரோலைத் தானாகக் கூட்டும் அல்லது குறைக்கும் அளவு; மைனஸ் என்றால் குறைக்கிறது. ஐடிலில் மைனஸ் 7 சதவீதம் காட்டியது. பத்துக்குள்தானே, பரவாயில்லை என்று தள்ளிவிட்டது பெரிய தப்பு. இந்த அளவைத் தீர்மானிக்க, வெளியேறும் புகையைப் பார்க்கும் ஆக்சிஜன் சென்சார் நான்கு சிலிண்டருக்கும் சேர்த்து ஒன்றே ஒன்றுதான். ஒரே ஒரு இன்ஜெக்டர் கூடுதலாக விட்டால் அந்தக் கூடுதல் நாலில் ஒரு பங்காகக் கரைந்துதான் தெரியும். ஐடிலில் மைனஸ் 7, நிமிடத்துக்கு 2,500 சுற்றில் கிட்டத்தட்டப் பூஜ்யம் என்றால் எங்கோ சொட்டுகிறது என்று சந்தேகித்திருக்க வேண்டும். சொட்டும் அளவு மாறாது. இன்ஜின் குறைவாகக் குடிக்கும் ஐடிலில்தான் அது கண்ணில் படும்.

இனி வருவதுதான் பணத்தைத் தின்ற இடம். சாவியை ஆன் நிலைக்குத் திருப்பி, செல்ஃப் அடிக்காமல் இரண்டு மூன்று நொடி நிறுத்தினால் டேங்க் பக்கம் ‘ஊம்’ என்று பம்ப் சத்தம் கேட்டு நிற்கும். அணைத்து, மறுபடி ஆன், இப்படி மூன்று தடவை செய்த பிறகு செல்ஃப் அடித்தால் வண்டி இரண்டு நொடியில் பிடித்தது. ராத்திரியில் ரெயில் பிரஷர் இறங்கிப்போகிறது என்பது உறுதி. இதைச் சொன்னவுடன் எல்லோர் வாயிலும் ஒரே பதில்: “பம்ப் செக் வால்வு போயிடுச்சு.” பம்ப் நின்றதும் பெட்ரோல் டேங்க்குக்குத் திரும்பி ஓடாமல் தடுக்கும் சின்ன வால்வு அது, பம்ப்புக்குள்ளேயே இருப்பதால் பம்ப்பையே மாற்ற வேண்டும். பின் சீட்டைத் தூக்கி, அசெம்ப்ளி முழுசையும் மாற்றியாயிற்று. பெட்டி பிரித்த மின்பாகத்தைக் கடையில் திருப்பி எடுக்க மாட்டார்கள். மறுநாள் காலை, ஏழு நொடி. உண்மையைச் சொன்னால், ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார வேண்டியிருந்தது.

தப்பு எங்கே என்றால், அந்தச் சாவிச் சோதனை பிரஷர் இறங்குகிறது என்று மட்டும்தான் சொல்லும். எந்தப் பக்கம் இறங்குகிறது என்று சொல்லாது. பெட்ரோல் டேங்க்குக்குத் திரும்பினாலும் சரி, இன்ஜெக்டர் வழியாக மேனிஃபோல்டுக்குள் சொட்டினாலும் சரி, ரெயில் காலியாகத்தான் இருக்கும். சாவியை மூன்று தடவை திருப்பினால் இரண்டிலுமே பலன் தெரியும். (சில வண்டிகளில் டிரைவர் கதவைத் திறந்தவுடனே பம்ப் ஓடும். அந்த வகையில் இந்தச் சோதனையே குழப்பும். முந்தின ராத்திரி ஜன்னல் கண்ணாடியை இறக்கி வைத்து, கதவைத் திறக்காமல் செய்து பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும்.)

இரண்டையும் பிரிக்கக் காசே செலவில்லாத இன்னொரு சோதனை இருக்கிறது. அதை யாரும் சொல்லவில்லை. ஆக்சிலேட்டரைத் தரைவரை மிதித்துப் பிடித்துக்கொண்டு செல்ஃப் அடிப்பது. பெரும்பாலான ஃப்யூயல் இன்ஜெக்ஷன் வண்டிகளில், செல்ஃப் அடிக்கும்போது பெடல் முழுசாக இறங்கியிருந்தால் கம்ப்யூட்டர் இன்ஜெக்டரை அடைத்துவிடும். பெட்ரோல் மூழ்கிய இன்ஜினைக் காயவைக்க என்றே வைத்த ஏற்பாடு. இப்போது யோசித்துப் பாருங்கள். ராத்திரியில் பெட்ரோல் டேங்க்குக்குத் திரும்பிப் போயிருந்தால், மேனிஃபோல்டு காய்ந்து கிடக்கும். பெடலை மிதித்தால் வண்டி பிடிக்கவே பிடிக்காது. இன்ஜெக்டர் சொட்டியிருந்தால், மேனிஃபோல்டு முழுக்கப் பெட்ரோல் ஆவி தேங்கியிருக்கும். பெடலை மிதித்தால் த்ராட்டில் திறந்து புதுக் காற்று உள்ளே வந்து, கலவை சரியான அளவுக்கு இறங்கி, வண்டி வழக்கத்தைவிடச் சீக்கிரம் பிடிக்கும். பம்ப் மாற்றிய மூன்றாம் நாள் காலை இதைச் செய்தபோது மூன்றே நொடியில் உறுமி எழுந்தது, பின்னால் கரும்புகை ஒரு கொத்து. பிடித்த கணமே பெடலிலிருந்து காலை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் எண்ணெய் ஏறாத இன்ஜின் ஐயாயிரம் சுற்றில் அலறும். செல்ஃபையும் ஒரு தடவைக்கு பத்து நொடிக்கு மேல் அடிக்காமல், நடுவில் ஒரு நிமிடம் ஆறவிடுவது நல்லது. ஸ்டார்ட்டர் சீக்கிரம் சூடேறும் பாகம்.

சந்தேகத்தை உறுதியாக்கியது பிரஷர் கேஜ். அடைப்பு வால்வு வைத்த ஃப்யூயல் பிரஷர் கேஜ் செட் ஒன்றை இரவல் வாங்கி, டேங்க்கிலிருந்து வரும் குழாய்க்கும் ரெயிலுக்கும் நடுவே பொருத்த வேண்டும். கேஜ் ரெயில் பக்கமாகவும், வால்வு டேங்க் பக்கமாகவும் இருப்பது முக்கியம். அதற்கு முன்னால் லைனில் இருக்கும் பிரஷரை இறக்க வேண்டும்: பம்ப் ஃப்யூஸைப் பிடுங்கிவிட்டு இன்ஜினை ஓடவிட்டால் தானே அணைந்துபோகும், அப்புறம் இரண்டு நொடி செல்ஃப் அடித்து, பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, குழாய் இணைப்பைத் துணி சுற்றிக் கழற்றலாம். இன்ஜின் ஆறியிருக்க வேண்டும், பக்கத்தில் தீ எதுவும் கூடாது, தீயணைப்பான் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். பொருத்தியதும் நெகட்டிவையும் ஃப்யூஸையும் மாட்டி, சாவியை ஆன் செய்து, இணைப்பில் கசிவில்லை என்று பார்த்த பிறகே மேலே போக வேண்டும். இந்த வகை வண்டிகளில் 3 முதல் 4 பார் (பிரஷரின் அலகு) வரை வேலைப் பிரஷர் இருக்கும். சரியான எண் வண்டியின் கையேட்டில் கிடைக்கும். எங்கள் கேஜ் 3.5 பாரில் நின்றது. முதலில் வால்வைத் திறந்தபடியே விட்டுப் பார்த்தோம். முள் கண்ணெதிரே இறங்கியது: ஐந்து நிமிடத்தில் 2.1, பதினைந்தில் 0.6, அரை மணியில் பூஜ்யத்தில் படுத்துவிட்டது. மறுபடி சாவியை ஆன் செய்து பிரஷர் ஏற்றி, பம்ப் நின்ற நொடியே வால்வை அடைத்தோம். இப்போது டேங்க் பக்கத்துக்கும் ரெயிலுக்கும் தொடர்பே இல்லை. செக் வால்வுதான் குற்றவாளி என்றால் முள் அசையாமல் நிற்க வேண்டும். அது முன்பு இறங்கிய அதே வேகத்தில் இறங்கியது. இணைப்புகளைச் சுற்றிக் காகிதத்தால் துடைத்துப் பார்த்தால் ஈரமில்லை. அப்படியானால் போகும் வழி ஒன்றுதான், இன்ஜெக்டர் மூக்கு. மொத்தமும் ஒரு மணி நேர வேலை. பம்ப் வாங்கும் முன் செய்திருக்க வேண்டிய ஒரு மணி நேரம்.

ஒரு எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஓடி முடித்த சூட்டில் இன்ஜினை அணைத்தவுடன் ரெயில் பிரஷர் கொஞ்சம் ஏறும். பெட்ரோல் சூடாகி விரிவதுதான், கோளாறு அல்ல. முதல் சில நிமிடத்து எண்ணை வைத்து முடிவு கட்ட வேண்டாம். சிலிண்டருக்குள்ளேயே நேரடியாகத் தெளிக்கும் ஜி.டி.ஐ. பெட்ரோல் வண்டியிலும், காமன் ரெயில் டீசலிலும் உயர் பிரஷர் குழாயைக் கையால் தொடவே வேண்டாம். அங்கே ஓடுவது முதல் வகையில் நூறு பாருக்கும் மேல், இரண்டாவதில் ஆயிரம் பாருக்கும் மேல். தோலைத் துளைத்து உள்ளே போகும் பிரஷர் அது. அவற்றில் ஸ்கேனர் காட்டும் ரெயில் பிரஷரை மட்டும் பார்க்க வேண்டும்.

நான்கில் எந்த இன்ஜெக்டர் என்பதற்குத்தான் அந்தக் காலைப் பிளக். இரவே பம்ப் ஃப்யூஸையும், தீப்பொறி தரும் காயில்களின் கனெக்டர்கள், இன்ஜெக்டர் கனெக்டர்கள் எல்லாவற்றையும் கழற்றி வைத்தோம். காலையில் மூன்று நொடி செல்ஃப் அடித்தால் புதிதாகப் பெட்ரோலும் தெளிக்காது, தீப்பொறியும் வராது. ராத்திரி சொட்டியது மட்டும் சிலிண்டருக்குள் இழுக்கப்படும். உடனே நான்கு பிளக்கையும் கழற்றி, சிலிண்டர் வரிசை மாறாமல் துணிமேல் வைத்தோம். ஒன்று, இரண்டு, நான்கு காய்ந்து கிடந்தன. மூன்றாவதில் பீங்கான் கருத்து, நுனியில் ஈரம் மினுங்கியது. மூக்கருகே கொண்டுபோகும் முன்பே பெட்ரோல் வாடை. அத்தனை நாள் தேடியது உள்ளங்கையில் கிடந்தது. பிறகு ரெயிலை இன்ஜெக்டர்களோடு சேர்த்துத் தூக்கி, இன்ஜெக்டர்கள் ரெயிலிலிருந்து நழுவாதபடி கட்டி, ஒவ்வொன்றின் கீழும் காகிதம் வைத்து, பம்ப் ஃப்யூஸை மட்டும் மாட்டி சாவியை ஆன் செய்து பார்த்தோம். மூன்றாவதன் நுனியில் ஒரு புள்ளி தோன்றி, மணியாக உருண்டு, கொஞ்சம் நடுங்கி, இருபதாவது நொடி விழுந்தது. அடுத்ததும் அப்படியே. நிமிடத்துக்கு ஒரு துளிக்கு மேல் கூடாது என்பது பொதுவான கணக்கு. சில கையேடுகள் இதைவிடக் கண்டிப்பு. இந்தச் சோதனை திறந்த இடத்தில், இரண்டு பேர் இருந்து செய்ய வேண்டியது. பழக்கமில்லாதவர் இன்ஜெக்டர் பெஞ்ச் வைத்திருக்கும் இடத்தில் கொடுத்து லீக் டெஸ்ட் மட்டும் கேட்பதே புத்திசாலித்தனம்.

அல்ட்ராசோனிக் கிளீனிங் கொடுத்துப் பார்த்தோம். அழுக்கு ஒட்டி ஊசி முழுசாக அமராமல் சொட்டுகிறது என்றால் அதில் சரியாகும். ஊசி உட்காரும் இருக்கையே தேய்ந்திருந்தால் ஆகாது. பெஞ்சில் தெளிப்பு அழகாக வந்தது, சொட்டு மட்டும் நிற்கவில்லை. அதே பாக எண் கொண்ட புது இன்ஜெக்டர் ஒன்றைத்தான் போட வேண்டியிருந்தது. நான்கிலும் மேலே கீழே இருக்கும் எட்டு ஓ-ரிங்கையும் மாற்றினோம். ஒரு தடவை கழற்றிய பழைய ரிங் நம்பிக்கைக்கு உரியதல்ல. பொருத்தும் முன் ஒரு துளி சுத்தமான இன்ஜின் ஆயில் தடவினால் போதும், கிரீஸ் தடவினால் அது நுனியை அடைக்கும். திருகித் திணிக்காமல் நேராக அழுத்தி உட்கார வைக்க வேண்டும். ரிங் கிழிந்தால் புதுக் கசிவை நாமே வாங்கியதாகும். ஆயில் டிப்ஸ்டிக்கை முகர்ந்து பார்க்க மறக்கக் கூடாது. எங்களுடையதில் மட்டம் குறிக்கு மேல் ஏறி, பெட்ரோல் வாடை அடித்தது. சொட்டிய பெட்ரோல் பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்கி ஆயிலை நீர்க்க வைத்திருக்கிறது. ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றாமல் ஓட்டினால் பேரிங்குக்குக் கேடு. இன்ஜெக்டர் சொட்டுகிறது என்று தெரிந்தபின் காலையில் சாவியைத் திருப்பித் திருப்பிப் பிரஷர் ஏற்றிக்கொண்டிருப்பதும் ஆபத்துதான். செல்ஃப் சுற்றும்போது ‘டொக்’ என்று அடித்து நின்றால் மறுபடி முயலவே கூடாது, சிலிண்டரில் திரவம் நிறைந்திருக்கலாம். பிளக்கைக் கழற்றிப் பார்த்த பிறகே அடுத்த சுற்று.

டீசல் வைத்திருப்பவருக்குக் கதை வேறு, ஆனால் பிரிக்கும் வழி இன்னும் எளிது: செல்ஃப் அடிக்கும்போது சைலன்சரைப் பார்க்கச் சொல்லுங்கள். வெள்ளைப் புகையும் எரியாத டீசல் வாடையும் வந்தால் டீசல் வந்துசேர்கிறது, தீப்பிடிக்கவில்லை. குளோ பிளக் (ஸ்டார்ட்டுக்கு முன் சிலிண்டரைச் சூடாக்கும் பிளக்), அதன் ரிலே, கம்ப்ரஷன் என்று போக வேண்டும். குளோ பிளக்கின் கனெக்டரைக் கழற்றி முனைக்கும் பிளாக்குக்கும் நடுவே அளந்தால் சாதாரணமாக 2 ஓம்ஸுக்குள் வரும். மீட்டர் எதுவுமே காட்டாவிட்டால் அது செத்தது. புகையே இல்லை என்றால் டீசல் வரவில்லை. பெரும்பாலும் ஃபில்டர் சீலிலோ குழாய் இணைப்பிலோ காற்று நுழைந்து, டீசல் ராத்திரியில் டேங்க்குக்கு இறங்கிவிடும். வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும், அதனால் கண்ணுக்குத் தெரியாது. காலையில் கை பிரைமர் (கையால் அமுக்கி டீசல் ஏற்றும் பம்ப்) தொளதொளவென்று இருந்து, அது கெட்டியாகும்வரை அமுக்கியதும் வண்டி பிடித்தால் விடை கிடைத்தாயிற்று. ஒரு அடி ஒளிபுகும் குழாயை ஃபில்டருக்கு அப்புறம் தற்காலிகமாகப் பொருத்தினால் குமிழிகள் ஓடுவதைப் பார்க்கலாம். இரு சக்கர வண்டியில் கார்ப்பரேட்டர் என்றால் முதலில் சோக் கேபிள் முழுசாக இழுக்கிறதா என்று பாருங்கள். அடுத்து வால்வு கிளியரன்ஸ், அதாவது வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவே இருக்கும் இடைவெளி. இறுகிப்போன வால்வு குளிர்ந்த நிலையில் சரியாக மூடாமல் கம்ப்ரஷன் இழக்கும், சூடானபின் சமாளித்துக்கொள்ளும். இதைப் பலர் பார்ப்பதே இல்லை.

பட்டறையில்தான் பார்க்கப்போகிறீர்கள் என்றால் வண்டியை மாலையே விட்டுவிட்டு வாருங்கள். “காலைல நீங்க வர்றதுக்கு முன்னாடி யாரும் எடுத்துடக் கூடாது, முதல் ஸ்டார்ட் நீங்கதான் பண்ணணும், கேஜ் மாட்டிட்டுப் பண்ணுங்க” என்று மெக்கானிக்கிடம் சொல்லி, அதையே ஒரு சீட்டில் எழுதி ஸ்டியரிங்கில் ஒட்டுங்கள். நாங்கள் ஒரு தடவை ஒட்டாமல் விட்டோம். இடம் மாற்றி நிறுத்த யாரோ ஏழு மணிக்கே எடுத்துவிட்டார்கள், ஒரு நாள் போயிற்று.

புது இன்ஜெக்டர் போட்டபின் கேஜை அன்று ராத்திரி முழுக்கக் கழற்றாமல் விட்டோம், வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்தி. காலையில் 2.6 பார் மிச்சம் இருந்தது. ஒன்றரை நொடியில் பிடித்தது. ஃப்யூயல் டிரிம் ஒரு வாரத்தில் மைனஸ் 1க்கு வந்தது. கழற்றிய பழைய பம்ப்பைக் கேஜில் மாட்டிப் பார்க்க இன்னும் மனசு வரவில்லை. அது நன்றாகத்தான் பிடித்து நிற்கும் என்று தெரியும்.